மூத்தவள் ஏறிய மலை

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு சித்திரைப் பௌர்ணமிக்கு எங்கள் ராயபுரம் தெருவிலிருந்து பதினோரு பேர், போளூருக்குப் பக்கத்தில் இருக்கிற பர்வதமலைக்குப் புறப்பட்டோம். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். மலை உச்சியில் இருக்கும் மல்லிகார்ஜுன சுவாமியைத் தரிசிக்க மற்றவர்கள் போனார்கள். நான் போன காரணமே வேறு. செத்துப்போன ஒருத்தியை ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று போனேன்.

அவள் என் கணவரின் முதல் மனைவி.

நான் திருவொற்றியூரில் பிறந்து எட்டாவது வரை படித்தவள். அப்பாவுக்கு எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை. இரண்டாம் தாரம் என்று என்னிடம் சொல்லித்தான் கொடுத்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. மாப்பிள்ளைக்கு முப்பது வயது, துறைமுகத்தில் எடைமேடையில் வேலை, முதல் தாரத்துக்குக் குழந்தை கிடையாது, குடி கிடையாது, வலது காலை மட்டும் லேசாகத் தாங்கி நடப்பார். செத்துப்போனவளால் எனக்கு என்ன தொந்தரவு வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டை போடலாம். என்றைக்காவது அவள் குழம்பில் உப்பு கூடிப்போகும், பார்த்துச் சிரிக்கலாம். செத்துப்போனவள் தப்பே செய்ய மாட்டாள் என்பது அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய காலைப் பற்றிய கதையைத் தெருவில் முதல் வாரத்திலேயே மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். உலகச் சண்டை முடிந்த சமயமாம். அவர் அப்போது துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் கப்பலிலிருந்து இறக்கிய பெட்டி கயிறு அறுந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் பல மாதம் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, இனி எழுந்து நடக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் வீட்டுக்கு வந்தவர் எழுந்திருக்கவே இல்லை. காலை ஊன்றினால் மறுபடி முறிந்துவிடும் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். யார் சொல்லியும் கேட்கவில்லை.

அப்போதுதான் மூத்தவள் சொன்னாளாம்: "நான் பர்வதமலை உச்சிக்கு ஏறிட்டு வரேன். நான் ஏறிட்டா நீ எய்ந்து நிக்கணும்."

சொன்னபடியே போனாள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். கால் முழுக்கக் கொப்புளம், கையில் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தீர்த்தம், முந்தானை முடிச்சில் விபூதி. கட்டிலுக்கு எதிரில் நின்று, "நான் ஏறிட்டேன். இப்போ நீ" என்றாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஒரு மாதத்தில் ஊன்றிய கம்பையும் விட்டுவிட்டு நடந்தார். அதற்கு அடுத்த வருஷம் விஷஜுரம் வந்து அவள் போய்விட்டாள்.

இப்படி ஒரு கதை இருக்கிற வீட்டில் இரண்டாவதாக வந்து வாழ்ந்து பாருங்கள், தெரியும். தெருக் குழாயில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வந்து மூச்சு வாங்கினால், "இதுக்கே இப்டியா? மூத்தவ மலையே ஏறுனவ" என்பார்கள். சமையலறைப் பலகையில் அந்தப் பித்தளைச் செம்பு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவரே புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்து, திரும்ப வைப்பார். வேறு எந்தப் பாத்திரத்தையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கை செம்பைப் பதமாகத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். வயிறு எரியும்.

சாயங்காலம் வேலை முடிந்து அவர் சந்துக்குள் வரும்போது ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தும் சத்தம் கேட்கும். மற்றப் பெண்களுக்குப் புருஷன் வருகிற சத்தம் சந்தோஷமாக இருக்கும். எனக்கு, அவர் எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியும் அவள் கொடுத்தது என்று தோன்றும். நான் அவருக்கு என்ன கொடுத்தேன்? சோறும் குழம்பும்.

அவர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கடுஞ்சொல் சொன்னதில்லை. மூத்தவளைப் பற்றி அவராக என்னிடம் பேசியதும் இல்லை. பேசாமல் இருந்ததே எனக்கு இன்னும் ஆத்திரம். அவ்வளவு பெரிய பொருளா, எனக்குக் காட்டக்கூட மனசில்லாமல் பூட்டி வைக்க, என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சித்திரையில் கோஷ்டி புறப்படுகிறது என்று தெரிந்ததும், நானும் போகிறேன் என்றேன்.

"வேணாம்மே" என்றார்.

"ஏன்?"

"வேணான்னா உடேன். கஷ்டமான மலை."

"அவ மட்டும் ஏறலாமா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவள் கால் பட்ட இடத்தில் என் கால் படக் கூடாதாம், அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினேன். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து சம்மதம் வாங்கினேன்.

கோஷ்டியில் எனக்குத் துணை மீன்கார அக்கா. காசிமேட்டில் மீன் விற்கிறவள், எங்கள் சந்திலேயே நாலாவது வீடு. நாற்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வருஷம் தவறாமல் அந்த மலைக்குப் போகிறவள். மூத்தவள் போனபோதும் கூடப் போன நாலு பேரில் ஒருத்தி. மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், ஒருத்தர் ஊரை விட்டே போய்விட்டார். விரதம் இருக்கிற நாளிலும் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போவாள். யாராவது கேட்டால், "விக்கிறத சாமி ஒண்ணும் கேக்காது, துன்றதத்தான் கேக்கும்" என்பாள்.

சென்ட்ரலில் ரயிலேறி, காட்பாடியில் வண்டி மாறி, போளூரில் இறங்கினோம். அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம். கடலைத் தவிர வேறெதையும் பார்த்து வளராதவள் நான். அவ்வளவு உயரமாக ஒன்று எதிரில் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். உச்சிக்குக் கீழே, ஒரே கல்லாக, கறுப்பாக, சுவர் மாதிரி நின்றது பாறை.

"அதுலதான் ஏறணுமா?" என்று கேட்டேன்.

"அதுலதான்" என்றாள் அக்கா.

மறுநாள் விடியும்போது அடிவாரத்துக் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு ஏறத் தொடங்கினோம். "அரகரா" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முதலில் காட்டுப் பாதை. மூங்கிலும் முள்ளும். வேர்களைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. வெயில் ஏறுவதற்குள்ளேயே கோஷ்டியில் பாதிப் பேர் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். நான் உட்காரவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்காவிடம் கேட்டேன்.

"அவ இங்க உக்காந்தாளா?"

"அதெல்லாம் யாருக்கு நெனப்பு கீது? நட."

கொஞ்ச தூரம் போய், "இங்க?" என்பேன்.

"உன்னோட பேஜாராப் போச்சு. கம்முனு ஏறு."

அவள் அப்படி மழுப்பியதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? மூத்தவள் எங்கேயுமே உட்கார்ந்திருக்க மாட்டாள், என் மனசு நோகக் கூடாது என்று அக்கா சொல்லாமல் விடுகிறாள் என்று. அதனால் நானும் உட்காரவில்லை. காலில் கொப்புளம் உடைந்து ஈரமானது தெரிந்தது. அவளுக்கும் கொப்புளம் வந்தது என்று ஞாபகம் வர, இன்னும் வேகமாக நடந்தேன். சாமி பெயர் வாயில்தான் இருந்தது. மனசு முழுக்க அவள்தான். இவ்வளவு தூரம் ஒருத்தியை மனசில் சுமந்துகொண்டு ஏறியதற்கு, அவள் என் சொந்தச் சகோதரியாக இருந்திருந்தால் பாசம் என்று சொல்லியிருப்பார்கள்.

காலை பத்து மணி வாக்கில் அந்தக் கறுப்புப் பாறைக்கு வந்து சேர்ந்தோம். பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருந்தார்கள். அந்த இரும்பில் கால் வைத்து, மேலிருந்து தொங்கும் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. சங்கிலி வெயிலில் சூடேறிக் கிடந்தது. கோஷ்டி ஆண்கள் சிலர் முன்னால் ஏறிப் போனார்கள். அடுத்து நான். எனக்குக் கீழே மீன்கார அக்கா.

பத்துப் பன்னிரண்டு கடப்பாறை ஏறியிருப்பேன். எதற்காகவோ கீழே பார்த்தேன்.

கீழே மரங்கள் கீரைப்பாத்தி மாதிரி தெரிந்தன. அவ்வளவுதான். என் கைகள் சங்கிலியை விட மறுத்துவிட்டன. மேலே தூக்க வேண்டிய கால் தையல் மிஷின் ஊசி மாதிரி நடுங்க ஆரம்பித்தது. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. இப்படியே விழுந்து செத்தால் அவர் மூன்றாவதாக ஒருத்தியைக் கட்டுவாரா, அவளுக்கு என்னைப் பற்றி யாராவது எதாவது சொல்வார்களா என்றுகூடத் தோன்றியது. சொல்ல என்ன இருக்கிறது? பாதியில் விழுந்தவள் என்று சொல்வார்கள்.

கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. சந்தை இரைச்சலில் எல்லாம் கேட்கும் அந்தக் குரல் அன்றைக்கு மிருதுவாக இருந்தது.

"கண்ணு, கீய பாக்காத. பாறையப் பாரு. என் தோள் உன் பாதத்துக்குக் கீய கீது, தெரிதா? அதுமேல கால வையி. ஆங். அப்டித்தான். நான் ஒரு படி எறங்குவேன், நீயும் எறங்கு."

என் முழுக் கனத்தையும் தோளில் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு இரும்பாக அவள் என்னை இறக்கிவிட்டாள். பாறையின் அடியில் நாலு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு திட்டு இருந்தது. அங்கே விழுந்து அழுதேன். கூட வந்த மற்றவர்களை அக்கா, "நீங்க போங்க, நாங்க அப்பால வர்றோம்" என்று மேலே அனுப்பிவிட்டாள்.

"என்னால முடியலக்கா. அவளால முடிஞ்சுது. என்னால முடியல. அந்த மனுசன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் குந்தினாள்.

"அவளா? அவ எங்க ஏறுனா?"

எனக்குப் புரியவில்லை.

"இங்கதான். இந்தத் திட்டுலதான் குந்திகினு அழுதா. நீயாவது பத்துப் படி போன. அவ மூணாவது இரும்புல கால வெச்சதும் கத்திட்டா. நாங்க நாலு பேரும் எவ்ளவோ சொல்லிப் பாத்தோம். ம்ஹூம். நாங்க மேல போய்ட்டு வர வரைக்கும் இங்கியே குந்திகினு இருந்தா. தீர்த்தமும் துன்னூறும் நான்தான் கொண்டாந்து குடுத்தேன். என் காலப் புடிச்சிகினா. 'நான் ஏறலன்னு தெரிஞ்சா அவரு எய்ந்திருக்க மாட்டாருக்கா, யாராண்டயும் சொல்லாதீங்க'ன்னு. இத்தினி வருசம் சொல்லல. இன்னிக்கு நீ இப்டி அயுவுறியேன்னு சொல்லிட்டேன். சாமி மேல சத்தியமா வெளிய உடக் கூடாது, இன்னா?"

சத்தியம் செய்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம். ஆஸ்பத்திரியில் வாடிக் கிடந்தவனுக்கு மூச்சு திரும்பியது மாதிரி ஒரு சந்தோஷம். அவள் மீது இரக்கம் வரவில்லை, அவள் பட்ட பயத்தைத்தான் நானும் இப்போது பட்டேன் என்ற எண்ணம்கூட வரவில்லை. ஏறவில்லை! அவள் ஏறவில்லை! நாலு வீட்டுப் பெண்கள் வாயில் இத்தனை வருஷம் ஏறிக்கொண்டே இருந்தவள், மூன்றாவது படியோடு சரி!

எழுந்து புடவையை இழுத்துச் செருகினேன். "வாங்கக்கா, போகலாம்" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன தெரிந்ததோ, "சொல்லியிருக்கக் கூடாதோ" என்று முணுமுணுத்தாள்.

அப்புறம் நான் ஏறியதை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை. கை நடுங்கவில்லை. நாலாவது இரும்பில் கால் வைத்தபோது, இதற்கு மேல் அவள் இல்லை என்று நினைத்தேன். அதுதான் எனக்கு மந்திரம். கடப்பாறைகள் முடிந்து, தண்டவாளத் துண்டுகளால் ஆன படிகள் வந்தன. அதற்கும் மேல் ஏணி. ஒவ்வொன்றையும் தாண்டும்போது அவளைத் தாண்டினேன்.

உச்சியில் சின்னக் கற்கோயில். காற்று ஆளையே தள்ளியது. அங்கே நாமே சுவாமியைத் தொட்டு அபிஷேகம் செய்யலாம். கொண்டுபோன தண்ணீரை லிங்கத்தின் மேல் ஊற்றினேன். கல் ஜில்லென்று இருந்தது. கண்ணை மூடி எதாவது வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பிள்ளை வரம் கேட்டிருக்கலாம். அவர் காலைக் கேட்டிருக்கலாம். "நான் வந்துட்டேன், அவ வரல" என்பது மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதைத்தான் சாமியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கியபோது அவர் நின்றுகொண்டிருந்தார். எந்த ரயிலில் வருவோம் என்று அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. முகமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. என் காலைப் பார்த்துவிட்டு, "ஏம்மே, கால் இப்டி ஆயிடுச்சி?" என்றார். பஸ்ஸில் வரும்போது மெதுவாக, "அந்தச் சங்கிலியாண்ட பயந்தியா?" என்று கேட்டார்.

"பயமா? எனக்கா? மேல வரைக்கும் போய் அபிஷேகம் பண்ணேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பாராட்டு இல்லை. அவள் கதையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று எனக்குக் கொதித்தது. ஒரு வாய் வார்த்தையில் எல்லாவற்றையும் உடைத்துவிடலாம் என்ற நினைப்புதான் என்னை அடக்கி வைத்திருந்தது. மடியில் கத்தி இருக்கிறவனுக்கு ஒரு நிதானம் வருமே, அந்த நிதானம்.

மூன்று மாதம் சத்தியத்தைக் காப்பாற்றினேன். தெருவில் யாராவது மூத்தவளைப் புகழ்ந்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஆடி மாதம் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயிலுக்கு மஞ்சள் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும் என்று அந்தப் பித்தளைச் செம்பை எடுத்தேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "அது வேணாம்மே. வேற எடுத்துக்கோ."

"ஏன், இது என்ன தங்கமா?"

"வேணாம்னா உடு."

அவ்வளவுதான். மூன்று வருஷத்து எரிச்சல் மொத்தமும் வாயில் வந்துவிட்டது. "அவ மலையே ஏறல, தெரியுமா? மூணாவது படியில கத்திட்டு உக்காந்துட்டா. இந்தத் தண்ணியும் விபூதியும் மீன்கார அக்கா கொண்டாந்து குடுத்தது. உன்ன ஏமாத்திட்டா. உன்ன மட்டுமா, தெருவையே ஏமாத்திட்டா. ஏறினவ நான்! நான்தான் ஏறினேன்!"

சொல்லி முடித்ததும் பயம் வந்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அல்லது மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

அவர் இருந்த இடத்தில் இருந்தபடியே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ மேல போவலன்னு. ஜுரத்துல கெடந்தப்போ அவளே சொல்லிட்டா. என் காலத் தடவிக்கினே சொன்னா, 'உன்ன ஏமாத்திட்டேன், மன்னிச்சிடு'ன்னு."

"அப்போ தெருவே அவ ஏறினா ஏறினான்னு சொல்லும்போது பேசாம இருந்தியே?"

"பின்ன இன்னா சொல்லணும்ன்ற? அவளுக்கு மொட்டமாடிக்குப் போனாலே தல சுத்தும். கடலாண்ட வளந்தவ, படகுல கால் வெக்க மாட்டா. அப்டிப்பட்டவ அந்தப் பாறை வரிக்கும் போனாளே, எனுக்காவ. அங்க ஒண்டியா குந்திகினு இன்னா பயம் பயந்திருப்பா! பயமே இல்லாதவன் ஏறுனா அதுல இன்னா கீது? கட்டில உட்டுக் கீய எறங்க பயந்துகினு கெடந்தவன் நானு. எனுக்குத் தெரியும்மே அது."

நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ போறேன்னப்போ வேணான்னேன். நீ வேற மாதிரி நெனச்சிகின, தெரியும். ஒருத்திய ஏற்கெனவே சாமி எடுத்துகினு பூட்டாரு. நீயும் அந்தப் பாறையில போய்... நீ போன நாள்லேர்ந்து எனுக்குச் சோறு எறங்கல. எந்த ரயில்ல வருவியோன்னு ரெண்டு நாளா சென்ட்ரல்ல நின்னுகினு இருந்தேன்."

ரெண்டு நாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை பாருங்கள். விடாமல், "ஆனா நான் மேல வரைக்கும் ஏறினேனே" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"ஆமா, ஏறுன" என்றார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, குத்திக் காட்டுவதற்காக இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிற மாதிரி கேட்டார்: "யாருக்காவ ஏறுன?"

ஒரு வார்த்தையாவது பொய் சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். மூத்தவள் ஒரு பொய் சொல்லி அவரை எழுப்பி நிற்க வைத்தாள். எனக்கு அப்படி ஒரு பொய் சொல்லக்கூட மனசில் ஈரம் இருக்கவில்லை. செம்பைப் பலகையில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். தெருவில் பம்பை மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கோயிலுக்குப் போகவில்லை.

இதோடு முடிந்துவிடவில்லை. சத்தியத்தை உடைத்துவிட்டேன் என்று மீன்கார அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் போய் நின்று சொன்னேன். கூடையில் ஈரச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"தெரியுமாம்."

அக்காவின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் உடனே இறுகிவிட்டது. "அவருக்குத் தெரிஞ்சது அவரோட நல்ல நேரம். தெரியாம இருந்திருந்தா? அந்தப் பாறையில என் தோள் மேல கால வெச்சி எறங்குனியே, அந்தத் தோளுக்குக் குடுத்த சத்தியம் அது. செத்துப்போனவ ஒண்ணுதான் என்னக் கேட்டா. அதையும் நீ காப்பாத்த உடல."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போவாள். மூத்தவள் பேரில் பட்ட பொறாமையில் நான் உண்மையாக இழந்தது அந்த ஆறு மாதம்தான். பேச ஆரம்பித்த பிறகும் பழைய "கண்ணு" திரும்பி வரப் பல வருஷம் ஆனது.

அடுத்த சித்திரைக்கும் நான் மலைக்குப் போனேன். போகலாமா என்று அவரைக் கேட்டேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்டேன். எந்த நாள், எந்த ரயிலில் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பாறையடியில் அந்தத் திட்டுக்கு வந்ததும் வேறு ஊர்க் கோஷ்டியைச் சேர்ந்த ஒரு பெண் அங்கே சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அவளோடு வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். எங்கள் கோஷ்டி ஏறப் புறப்பட்டது. "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு முடியலம்மா, எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள்.

"சிரிக்க மாட்டாங்க. எங்க அக்காகூட இங்கதான் உக்காந்துட்டா" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்குப் போய், படுத்துக் கெடந்த புருஷன எழுப்பி நடக்க வெச்சா."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. எங்க அக்கா என்று நான் சொன்னது என் காதில் விழுந்ததே அப்புறம்தான். அன்றைக்கு நான் மேலே போகவில்லை. அந்தப் பெண்ணின் ஆட்கள் வரும்வரை அங்கேயே இருந்து, நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்துகொண்டு, அவளுடைய மாமியார் கதையெல்லாம் கேட்டேன்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். பெரியவளுக்கு மூத்தவளின் பெயரை வைத்தது நான்தான். அவர் என்னிடம் கேட்கவில்லை. பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த வீட்டுக்காரி, கூடப் பிறந்தவள், மருமகள் என்று யார் பேரிலாவது அது இன்றைக்கும் தலைதூக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம், அவர்கள் ஏறி நிற்கிற உயரம்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது, எந்தப் பாறையடியில் தனியாக உட்கார்ந்து நடுங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.